பிந்தி வந்த கமரா: தீவுப்பகுதிப் பாட்டுக்காரரை எப்ப படமெடுக்கிறது?

1975ஆம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் தவில் மேதை வி. தட்சணாமூர்த்தி காலமானார். இணுவிலில் பிறந்து அளவெட்டியில் வாழ்ந்தவர். அதே ஆண்டு யூலை மாதம் லண்டனில் மாதங்கி அருள்பிரகாசம் எண்ட ஒரு பெண்குழந்தை பிறந்தது. ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, பத்துப் பதினொரு வயதில் திரும்ப லண்டனுக்குப் போன அந்தப் பிள்ளையைத்தான் பிறகு உலகம் எம்.ஐ.ஏ. எண்டு அறிந்துகொண்டது.

இரண்டு பேரைப் பற்றியும் ஆவணப்படம் இருக்கிறது. இரண்டும் பரிசு பெற்ற படங்கள். ஆனால் ஒன்றில் கமரா நாற்பது வருசம் பிந்தி வந்தது. மற்றதில் பாட்டுக்காரிக்குப் பெயர் வர முதலே கமரா ஓடத் தொடங்கிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதை இப்ப எழுத ஒரு காரணம் இருக்கு. தீவுப்பகுதியில் வளர்ந்து வருகிற ஒரு இசைக்கலைஞரைப் பற்றிப் பதினைந்து நிமிட ஆவணப்படம் ஒன்று எடுக்கலாமா எண்டு எங்கட குழு கொஞ்ச நாளாக யோசிக்கிறது. ஆள் ஆரெண்டு இங்க சொல்லப் போறதில்லை. அவரிட்ட இன்னும் கேக்கவேயில்லை. கையில் கமராவும் இல்லை, காசும் இல்லை. ஆனபடியால் முதலில் செய்யக்கூடியதைச் செய்தோம். எங்களுக்கு முன்னம் இப்படிப் படம் எடுத்தவர்கள் எப்ப எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் எண்டு தேடிப் பார்த்தோம்.

இறந்த பிறகு வந்த கமரா

தட்சணாமூர்த்தி 1933இல் பிறந்தவர். நாற்பதுகளின் தொடக்கத்திலேயே இறந்துபோனார். இந்தச் சின்ன வயதுக்குள் ஈழத்திலும் தமிழ்நாட்டிலும் தவில் எண்டால் அவருடைய பெயர்தான் எண்ட நிலை வந்துவிட்டது. தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் அவரைப் பக்கத்தில் வைத்து வாசித்தார்கள். தவில் கதைக்கிற இடத்தில் இண்டைக்கும் அவருடைய பெயர் வராமல் கதை முடியாது.

அவரைப் பற்றிய முழுமையான ஆவணப்படம் 2015இல்தான் வந்தது. எடுத்தவர் அம்ஷன் குமார். கி. ராஜநாராயணனின் 'கிடை' குறுநாவலை 'ஒருத்தி' எண்ட படமாக்கியவரும், பிறகு 'மனுசங்கடா' எடுத்தவரும் இவர்தான். தட்சணாமூர்த்தியைப் பற்றிய படத்துக்கு இந்தியாவின் 63ஆவது தேசிய திரைப்பட விருதுகளில் கலை, பண்பாட்டுப் படத்துக்கான விருது கிடைத்தது.

அந்தப் படத்தை எடுத்தவருடைய நிலையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. நாயகன் இறந்து நாற்பது வருசம். அவரோடு வாசித்தவர்களில் கனபேர் இல்லை. மிச்சம் இருப்பது ஒலிப்பதிவுகள், புகைப்படங்கள், வயதானவர்களின் நினைவுகள். தவில் எண்டது காதால் மட்டும் கேக்கிற வாத்தியமில்லை. ஒரு கையில் தடி, மற்றக் கையின் விரல்களில் கூடு. எந்த விரல் எப்ப விழுகிறது, கை எவ்வளவு உயர்கிறது, நாதஸ்வரக்காரரை எந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கிறார் எண்டதெல்லாம் கண்ணால் பார்த்துப் படிக்கிற விசயம். ஒலிநாடா அதைச் சொல்லாது. அதைப் பதிய ஒரு கமரா அண்டைக்கே அளவெட்டிக் கோயில் வீதியில் நின்றிருக்க வேணும்.

ஆனாலும் அம்ஷன் குமார் எடுத்தார். இல்லாவிட்டால் அந்த நினைவுகளும் போயிருக்கும். பிந்தி வந்தாலும் வந்த கமராவுக்கு நன்றி சொல்லத்தான் வேணும்.

ஆள் இருக்க, வயசு போன பிறகு வந்த கமரா

அடுத்தது சத்யஜித் ராயின் 'பாலா'. பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றிய படம், 1976. அரை மணித்தியாலம் அளவு நீளம். தமிழ்நாடு அரசும் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையமும் சேர்ந்து தயாரித்தது.

ராய் பாலசரஸ்வதியின் ஆட்டத்தை முதன்முதலில் பார்த்தது 1935இல், கல்கத்தாவில். அப்ப ராய்க்குப் பதினாலு வயசு, பாலாவுக்குப் பதினேழு. அவரைப் படமெடுக்க வேணும் எண்ட எண்ணம் 1960களில் ராய்க்கு இருந்தது. அது நடந்தபோது பாலாவுக்கு ஐம்பத்தெட்டு வயசு. முதல் பார்த்த நாளுக்கும் கமரா ஓடிய நாளுக்கும் நடுவில் நாற்பது வருசம்!

அந்தப் படத்தில் பாலா கடற்கரையில் நின்று 'கிருஷ்ணா நீ பேகனே பாரோ' ஆடுகிற காட்சி ஒன்று வரும். கடற்காற்று சேலையைப் பிடிச்சு இழுக்கும். அவர் ஆடிக்கொண்டே இருப்பார். அந்தக் காற்றைப் பற்றிச் சிலர் குறை சொல்லுவினம். தீவில் பிறந்தவைக்கு அது குறையாகவே தெரியாது. கடற்கரையில் நிண்டு பாடுறவரும் ஆடுறவரும் காற்றோட மல்லுக்கட்டித்தான் ஆக வேணும்.

ராய்க்கே நாற்பது வருசம் பிடித்தது எண்டால் எங்களுக்கு எவ்வளவு பிடிக்கும் எண்டு யோசிக்க வேண்டியிருக்கு. பெயர் வந்த பிறகுதான் தயாரிப்பாளர் வருவார், காசு வரும், கமரா வரும். பழைய முறையில் வேறு வழியில்லை. படச்சுருள் அடிக்கணக்கில் விலை. தெரியாத ஒரு பெடியனுக்கோ பெட்டைக்கோ ஆர் அதைச் செலவழிப்பினம்?

பெயர் வர முதல் ஓடிய கமரா

மாதங்கியின் கதை இந்த முறையைத் தலைகீழாக்குகிறது. அவர் பாட்டுக்காரியாக வர நினைக்கவில்லை. லண்டன் சென்ட்ரல் செயின்ற் மாட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். ஆவணப்படம் எடுக்கிறதுதான் அவருடைய எண்ணம். 'எலாஸ்ரிக்கா' எண்ட இசைக்குழுவின் பயணத்தைக் கமராவும் கையுமாகப் பின்தொடர்ந்தார். 2001இல் இலங்கைக்கு வந்து உறவினர்களோடு கதைத்ததைப் படமெடுத்தார். முதல் இசைத்தொகுப்பு 'அருளர்' 2005இல்தான் வெளிவந்தது. அது தகப்பனின் இயக்கப் பெயர்.

சேர்ந்து படித்த ஸ்ரீவ் லவ்றிட்ஜிடம் தான் வருசக்கணக்காக எடுத்து வைத்திருந்த நூற்றுக்கணக்கான மணித்தியாலக் காட்சிகளை அவர் கொடுத்தார். அதிலிருந்து உருவானதுதான் 'மாதங்கி/மாயா/எம்.ஐ.ஏ.'. 2018 சன்டான்ஸ் விழாவில் நடுவர்களின் சிறப்பு விருது பெற்றது. மாதங்கியே எதிர்பார்த்த படமாக அது அமையவில்லை. இசையைப் பற்றிக் கொஞ்சமும் வாழ்க்கையைப் பற்றிக் கனக்கவும் அதில் இருக்கிறது.

எங்களுக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. ஒரு கலைஞர் இன்னும் கலைஞராக ஆகாத நாளில் எப்படி இருந்தார் எண்டதை அந்தப் படத்தில் பார்க்கலாம். தடுமாறுகிறார், சொந்தக்காரரிட்ட அசட்டுக் கேள்வி கேக்கிறார், படுக்கையறையில் ஆடுகிறார். புகழ் வந்த பிறகு எடுக்கிற நேர்காணலில் இதெல்லாம் கிடைக்காது. அப்ப எல்லாரும் தங்கட கதையை ஒரு வடிவத்துக்குள் போட்டுப் பழகியிருப்பினம்.

தீவுப்பகுதிக்கு இது ஏன் அவசரம்

தீவுப்பகுதிக்குக் கலை புதிதில்லை. கரம்பனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள்தான் லிஸ்பனிலும் உரோமிலும் கிடந்த பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப்பிடித்து உலகத்துக்குக் காட்டியவர். 1960களில் ஊர்காவற்றுறையில் குருவாக இருந்த நீ. மரியசேவியர் அடிகள் அங்கு மேடையேற்றிய திருப்பாடுகளின் நாடகத்திலிருந்துதான் திருமறைக் கலாமன்றம் வளர்ந்தது. காவலூர் இராசதுரையின் பெயரிலேயே ஊர்காவற்றுறை இருக்கிறது. அவர் எழுத, தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' 1977இல் வந்தது. யாழ்ப்பாணத்தின் சாதியையும் சீதனத்தையும் பற்றிய படம். தியேட்டரில் நிலைக்கவில்லை, இண்டைக்குக் கொண்டாடுகிறோம். அடுத்த வருசம் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' படமானது. அந்த நாவலின் களம் நெடுந்தீவுக் கடற்கரை. 'சுராங்கனி' பாடிய ஏ. ஈ. மனோகரன் அந்தப் படத்தில் நடித்தார்.

இதெல்லாம் ஒரு சின்னக் காலத்துக்குள் நடந்தவை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஊரெல்லாம் கேட்ட காலமும் கிட்டத்தட்ட அதுதான். தென்னிந்தியச் சினிமாவைப் பார்க்காமல் எங்கட பேச்சில் எங்கட பாட்டு எண்டு ஒரு துணிவு வந்திருந்தது. அப்படியே போயிருந்தால் தீவுப்பகுதிப் பாட்டுக்காரரைப் பற்றி எண்பதுகளிலேயே ஆரோ ஒருவர் படம் எடுத்திருக்கக் கூடும்.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது, 97,000 புத்தகங்களோடு. 1983 யூலையில் ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ எரிந்தது, படச்சுருள்களோடு. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகில் பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1990, 91 இராணுவ நடவடிக்கைகளோடு வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவுப் பக்கச் சனம் கிளம்பி ஓடியது. குடாநாட்டில் வருசக்கணக்கில் மின்சாரம் இல்லை. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுத்தி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோ கேட்ட தலைமுறை எங்கட அம்மா அப்பா. பாட்டுக் கேக்கவே சில்லுச் சுத்த வேண்டியிருந்த இடத்தில் பாட்டுக்காரரைப் பதிவு செய்யிறது எப்படி?

ஓடிப்போன சனத்தோடு பாட்டும் போனது. வலை இழுக்கிறவர்கள் பாடின அம்பாப் பாடல்கள், தேவாலய முற்றத்தில் விடிய விடிய ஆடின கூத்துகள், கோயில் வீதியில் வாசித்த மேளங்கள் எல்லாவற்றிலும் ஒரு பகுதி ஆக்களின் நினைவில் மட்டும் போய்ச் சேர்ந்தது. அந்த ஆக்கள் இப்ப ரொரன்ரோவிலும் பாரிசிலும் சுவிசிலும் முதுமையில் இருக்கினம்.

இப்ப போர் இல்லை. ஆனால் போறது நிக்கவில்லை. தீவில் கிற்றார் வாசிக்கிற, றப் பாடுகிற, மிருதங்கம் படிக்கிற ஒரு பிள்ளைக்கு இருபது, இருபத்திரண்டு வயசு வரும்போது முன்னால் இருக்கிற வழிகள் எங்களுக்கும் தெரியும்: யாழ்ப்பாணம் ரவுண், கொழும்பு, இல்லாட்டி விமானம். அந்தப் பிள்ளை போய்ப் பெரிய ஆளாக வரலாம். பத்து வருசத்துக்குப் பிறகு அங்க ஒரு கமரா அவரைத் தேடி வரலாம். அதில் குறிகட்டுவான் இறங்குதுறை ஒரு வசனமாக மட்டும் இருக்கும். இல்லாட்டிப் பாட்டை விட்டிட்டு வேற வேலைக்குப் போகலாம். அப்ப எந்தக் கமராவும் வராது. இரண்டில் எது நடந்தாலும், இப்ப இருக்கிற இந்த இரண்டு மூன்று வருசம் திரும்ப வராது.

காசு இல்லாதவை எப்படிச் செய்திருக்கினம்

சுவீடன்காரர் மாலிக் பென்ஜெலூல் 'சேர்ச்சிங் ஃபோர் சுகர் மான்' எடுத்தார். டிற்ரொயிற் நகரில் 1970களின் தொடக்கத்தில் இரண்டு இசைத்தட்டு வெளியிட்டு, விற்காமல், கட்டட வேலைக்குப் போன றொட்ரிகஸ் எண்டவரின் கதை. அவருக்கே தெரியாமல் தென்னாபிரிக்காவில் அவர் பெரிய நட்சத்திரமாக இருந்தார். பழைய எட்டு மில்லிமீற்றர் சுருளில் எடுத்துக்கொண்டிருந்தபோது காசு முடிந்துவிட்டது. மிச்சக் காட்சிகளைத் தன்ர கைத்தொலைபேசியில் ஒன்றிரண்டு டொலர் விலையுள்ள ஒரு செயலியை வைத்து எடுத்து முடித்தார். 2013இல் அந்தப் படத்துக்கு ஒஸ்கார் கிடைத்தது.

எங்கட பக்கத்திலும் ஒரு பழைய கதை இருக்கு. ஏ. கே. செட்டியார் காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். கனக்கக் காட்சிகள் அவர் எடுத்தவை இல்லை. உலகம் முழுக்க ஒரு லட்சம் மைல் அளவு அலைந்து, வேற வேற கமராக்காரர் எடுத்து வைத்திருந்ததைத் தேடிச் சேர்த்தார். 50,000 அடி சுருள் சேர்ந்தது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு ஒரு வழி தெரிகிறது. தீவில் ஒரு இளம் கலைஞரைப் பற்றிய காட்சிகள் ஏற்கெனவே எங்கயோ இருக்கும். கோயில் திருவிழாவைப் படம்பிடித்த வீடியோக்காரரிடம், பள்ளிக்கூடத் தமிழ்த்தினப் போட்டியை போனில் எடுத்த சித்தியிடம், வெளிநாட்டில் இருந்து வந்த மாமாவின் கலியாண வீடியோவில் ஒரு மூலையில். பத்து வயதில் மேடையில் சுருதி பிசகிப் பாடுகிற அந்த அரை நிமிடம், நாங்கள் வாடகைக் கமராவில் எடுக்கப்போகிற பத்து நிமிடத்தைவிடப் பெறுமதி. செட்டியாருக்கு ஒரு லட்சம் மைல் தேவைப்பட்டது. எங்களுக்கு நாலு வீட்டுப் படலையும் கொஞ்ச வாட்ஸ்அப் குழுக்களும் போதும்.

மிச்சத்துக்குச் சில விசயங்களில் நாங்கள் இப்பவே உடன்பட்டிருக்கிறம்.

படத்தைவிடச் சத்தம் முக்கியம். இது பாட்டுக்காரரைப் பற்றிய படம். போன் கமரா போதும், ஆனால் போன் ஒலிவாங்கி போதாது. கையில் இருக்கிற கொஞ்சக் காசில் முதல் செலவு சட்டையில் குத்துகிற ஒலிவாங்கிக்கும் அதுக்குப் போடுகிற மயிர் உறைக்கும்தான். மாரியில் வாடையும் கோடையில் சோளகமும் அடிக்கிற இடத்தில் அது இல்லாமல் எடுத்தால் பாட்டு இருக்காது, காற்றுத்தான் இருக்கும்.

படகு நேரம்தான் படப்பிடிப்பு நேரம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கால் மணித்தியாலம், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம் அளவு. கடைசிப் படகை விட்டால் இரவு அங்கதான். அதைத் தொல்லையாக நினைக்காமல், இரண்டு இரவு தங்குகிற மாதிரியே போக வேணும். பகலில் நேர்காணல் கொடுக்கிற ஆள் இரவில்தான் கதைப்பார். நெடுந்தீவும் நயினாதீவும் நாட்டின் பெரிய மின்கட்டமைப்போடு இணையாத தீவுகள். மேலதிக பற்றரி கொண்டுபோறது நல்லது.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடுறதில்லை. அவருடைய சொந்தப் பாட்டு, இல்லாட்டி ஊரின் பழைய பாட்டு. இணையத்தில் ஏற்றினவுடன் உரிமைக்காரர் வந்து சத்தத்தை அணைத்தால் இசைப்படம் ஊமைப்படமாகிவிடும்.

குதிரையும் பெருக்கமரமும்

நெடுந்தீவை ஏற்கெனவே கனபேர் படமெடுத்திருக்கினம். குதிரைகள், பவளக்கல் மதில்கள், பெருக்கமரம், டிரோனில் மேலிருந்து நீலக் கடல். வடிவான காட்சிகள்தான், இல்லையெண்டு சொல்லவில்லை. ஆனால் அவற்றில் சனம் இல்லை. இருந்தாலும் கமராவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு கிழவராக இருக்கிறார், பெயர் இல்லை. ஒரு இசைக்கலைஞரைப் பற்றிய படம் இந்தப் பழக்கத்துக்கு எதிரானது. அவருக்குப் பெயர் இருக்கு, கடன் இருக்கு, ஆசை இருக்கு, தண்ணிப் பிரச்சினை இருக்கு. பெருக்கமரத்துக்குக் கீழ நிண்டு பாடச் சொல்லிக் கேக்கிறதைவிட அவர் எங்க வழமையாகப் பாடிப் பழகிறாரோ அங்க போறதுதான் மரியாதை. அது தகரக் கொட்டிலாக இருந்தாலும் சரி.

ஆரைத் தேர்ந்தெடுக்கிறம் எண்டதிலும் கதை இருக்கு. இசைக்கலைஞர் எண்டவுடன் எங்கட மனதில் வாறது மேடையில் இருந்து பாடுகிறவர். செத்தவீட்டில் பறை அடிக்கிறவரை அந்தச் சொல்லுக்குள் நாங்கள் சேர்க்கிறமா? அவருடைய மகன் அதை இனி அடிக்கமாட்டன் எண்டு சொன்னால், அதில் இருக்கிற நியாயத்தைக் கேக்கக் கமராவுக்குப் பொறுமை இருக்கா? பெண்பிள்ளை ஒருவர் றப் பாடினால் வீட்டில் என்ன சொல்லுகினம்? ஊரைப் பெருமைப்படுத்துகிற படம் வேணும் எண்டு புலம்பெயர்ந்த சங்கம் ஒன்று காசு தந்தால் இந்தக் கேள்விகளைக் கேக்கேலாது. குறைந்த காசில் எடுக்கிறதில் இருக்கிற ஒரே வசதி இதுதான். ஆருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லை, படத்தில் இருக்கிறவருக்கு மட்டும் காட்டினால் போதும்.

அவருக்குக் கட்டாயம் காட்டத்தான் வேணும். இருபது வயதில் ஒருவர் சொன்னது முப்பது வயதில் அவருக்கே பிடிக்காமல் போகலாம். மாதங்கியே தன்னைப் பற்றிய படத்தோடு முரண்பட்டவர்தான். வெளியிட முதல் அவர் பார்க்க வேணும், வேண்டாம் எண்டு சொன்ன பகுதியை எடுத்துவிட வேணும். கேட்டு வாங்கிய பழைய வீடியோக்களுக்கும் இதே விதிதான்.

எடுத்ததை எங்க வைக்கிறது

நூலகமும் ஸ்ரூடியோவும் எரிந்த நாட்டில் ஒரு பிரதி எண்டது பிரதியே இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ட இணையவழி முயற்சி இதை நல்லா விளங்கிக்கொண்டது. புத்தகங்களோடு நிற்காமல் ஒலி, ஒளி ஆவணங்களையும் அது சேர்க்கிறது. எங்கட எண்ணம், பதினைந்து நிமிடப் படத்தை மட்டுமில்லாமல் வெட்டாத முழு நேர்காணலையும், கலைஞர் சம்மதித்தால், இப்படியான ஒரு இடத்தில் கொடுத்து வைக்கிறது. படம் ஒரு கிழமை ஓடும், பிறகு மறந்துபோகும். முழு நேர்காணலை இருபத்தைந்து வருசத்துக்குப் பிறகு ஆரோ ஒரு ஆராய்ச்சி மாணவி தேடுவா. தட்சணாமூர்த்தி ஒரு மணித்தியாலம் தன்ர கை விரல்களைப் பற்றிக் கதைத்த பதிவு ஒன்று இருந்தால் நாங்கள் எவ்வளவு சந்தோசப்படுவம்!

நாங்கள் எடுக்கப்போறவர் தட்சணாமூர்த்தி ஆகாமல் போகலாம். எம்.ஐ.ஏ. ஆகாமலும் போகலாம். வளர்ந்து வருகிற கலைஞரைப் படமெடுக்கிறது எண்டால் அந்தச் சந்தேகத்தோடதான் எடுக்க வேணும். அவர் பெரிய ஆளாக வந்தால் இது அவருடைய தொடக்கம். வராவிட்டால், 2020களில் ஒரு தீவில் ஒரு இளம் ஆள் பாட்டை வைத்து வாழ என்னவெல்லாம் செய்து பார்த்தார் எண்டதுக்கு இது சாட்சி. எங்கட வரலாற்றுக்கு இரண்டும் தேவை. ஆனால் இரண்டாவதை எழுதி வைக்க இதுவரை ஆரும் பெரிசா மினக்கெட்டதில்லை.

வாற சோளகம் அடங்க முதல் போய்க் கேக்கிறதாக இருக்கிறம். உங்கட ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். கமரா வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. உங்கட போனில் இடம் இருந்தால் இண்டைக்கே அவர் பாடுகிற ஒரு பாட்டை முழுசாக, வெட்டாமல், திகதியும் இடமும் சொல்லிப் பதிஞ்சு வையுங்கோ.